நேராக ஸ்டேஷனுக்கு

சிக்கந்தரின் மய்யித்தைக் குளிப்பாட்டி, கபன் துணியை விரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் வாசலில் சத்தம் கிளம்பியது. மெஹராஜ் உள்ளறையில், சேலையால் கட்டிய திரைக்குப் பின்னால் இருந்தாள். புருஷனை இழந்து இத்தாவில் உட்கார்ந்தவள். இனி நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது. அதற்காகக் காதையுமா அடைத்துக்கொள்ள முடியும்?

"எந்த மூஞ்சிய வெச்சுட்டு இங்க வந்தே?" அது அவள் தம்பி ரசாக்.

"லாரி டிரைவர் வேலுமணிங்க. ஒருக்கா மொகத்தைப் பாத்துட்டுப் போயர்றேனுங்க."

நேற்றுக் காலை சூலூர் ரோட்டில் சிக்கந்தரின் சைக்கிளை அடித்துத் தள்ளியவன். அதற்குள் ஜாமீனில் விட்டுவிட்டார்களாம். பளாரென்று ஓர் அறை விழுந்தது. மெஹராஜின் மனசு பதறியது என்று சொன்னால் அது பொய். இன்னும் ரெண்டு விழட்டும் என்றுதான் இருந்தது.

"முக்கா மணி நேரம் மச்சான் ரத்தத்துல கெடந்தாரு! உன்ற லாரிலயே தூக்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு என்னடா? அரை மணி முன்னால வந்திருந்தாப் பொழச்சிருப்பாருன்னு டாக்டர் சொல்றாரு!"

"கூட்டம் ஓடியாந்துச்சுங்க. அடிச்சே கொன்னுபோடுவாங்கன்னு பயந்துட்டேனுங்க. ஆனா ஓடி ஒளியலீங்க. நேரா ஸ்டேஷனுக்குத்தானுங்க போனேன்."

"அடிபட்டவரைத் தூக்கறதுதான் மொதச் சட்டம்னு எஸ்.ஐ.யே சொன்னாரு. ஸ்டேஷனுக்கு வர ஒரு நாள் டைம் இருக்குதாமா!"

ஓதியபடி உருட்டிக்கொண்டிருந்த தஸ்பீஹ் மணியில் மெஹராஜின் விரல் நின்றுவிட்டது. நேரா ஸ்டேஷனுக்குத்தான் போனேன். இதே வார்த்தையை இதே வீட்டில் அவள் கேட்டிருக்கிறாள். எண்பத்தைந்தில், பதினோரு வருஷம் முன்னால். சிக்கந்தர் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பவானியில் ஒரு ஆளை அடித்துவிட்டு, நிற்காமல் நேராக ஸ்டேஷனுக்குப் போய், மறுநாள் சட்டை கசங்காமல் வீடு வந்து சேர்ந்தார். விவரமான டிரைவர் அதைத்தான் செய்வான் என்று பெருமையாக வேறு சொன்னார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உங்களுக்கு அடி கிடி படலீங்களே?" இல்லை என்றதும் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அந்த ஆள் செத்துப்போன விஷயம் கேஸ் நடந்தபோதுதான் தெரிந்தது. அப்போதாவது யார் எவர் என்று கேட்டாளா? பாவி, கேட்கவே இல்லை.

"ரசாக்கு, அவரை உட்ரு," என்றாள்.

வாசல் அடங்கியது.

"ஏனுங்க, நேத்து ஊட்டுக்குப் போனதும் உங்க சம்சாரம் என்னங்க கேட்டாங்க?"



"எனக்கு அடி ஏதாச்சும் பட்டுச்சான்னு கேட்டாளுங்க."

"வேற?"

"வேற ஒண்ணுங் கேக்கலீங்கம்மா." அவன் உடைந்து அழுதான்.

"மூடறதுக்குள்ள மொகத்தைப் பாத்துக்கட்டும்," என்றாள் மெஹராஜ். ரசாக் பல்லைக் கடித்துக்கொண்டு வழிவிட்டான்.

மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். இறந்தவர்களுக்காக ஃபாத்திஹா ஓத உட்கார்ந்த பள்ளிவாசல் லெப்பை திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"துஆவுல சேக்கறதுக்கு, மௌத்தானவங்க பேரெல்லாம் சொல்லுங்கம்மா."

மெஹராஜ் சொல்லச் சொல்ல ரசாக் ஒரு தாளில் எழுதினான். மாமனார், மாமியார், காய்ச்சலில் போன மூத்த பிள்ளை, சிக்கந்தர்.

"அவ்வளவுதானுங்களா?"

"இன்னொருத்தர் இருக்காருங்க."

ரசாக் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தான். "பேரைச் சொல்லுக்கா."

திரைக்குப் பின்னால் தஸ்பீஹ் மணிகள் ஒவ்வொன்றாக உருண்டன.

"பேரு தெரியாது," என்றாள் கடைசியில். "பவானின்னு மட்டும் எழுது."