இஸ்திரிக்காரியின் குதிரை நிலை

இஸ்திரிக்காரி தன் வீட்டு வாசலில் குதிரை நிலையில் நின்றது ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. இன்றுவரை அவள் அங்கிருந்து நகரவில்லை.

டயர் கிடங்கின் மாடியில் சண்டைப் பயிற்சி நடத்தியவர் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். முழங்கால் மடிப்பை மரச்சட்டம் வைத்து அளப்பார் என்பதால் அவருக்கு ஸ்கேல் மாஸ்டர் என்று பெயர். அடிப்பதும் தடுப்பதும் இரண்டாம் வருஷம்தான். முதல் வருஷம் முழுக்க நிற்பது மட்டுமே. புருஷனின் அடிக்கு ஏதாவது வழி கிடைக்குமென்று சேர்ந்தவளுக்கு இது ஏமாற்றம்தான், ஆனாலும் போனாள். பாதங்களை அகட்டி, முதுகு நிமிர்ந்து, பாரம் இரண்டு காலிலும் சரிபாதி. "தரைக்குள்ள வேர் விட்ட மாதிரி நில்லும்மா," என்றார் மாஸ்டர். மற்றவர்கள் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். இவளோ, காலர் விறைப்பாக என்றால் விறைப்பாக, மடிப்பு ஒன்று என்றால் ஒன்றே என்று, சொன்னதைச் சொன்னபடி செய்தே பிழைத்தவள். தேய்க்கும் மேஜைக்கு முன்னால் பத்து மாதம் அப்படியே நின்று பழகினாள்.

அந்தப் புதன்கிழமை புருஷன்காரன் ஒரு தரகனோடு வந்தான். ஏழு வயது மகளை வெளியூரில் வீட்டு வேலைக்கு அனுப்புவதாகப் பேச்சு.

"வழிய விடுடி."

"முடியாது."

"எவ்வளவு நேரம் நிப்பேன்னு நானும் பாக்கறேன்."

"பாரு. நின்னே பொழைக்கிறவளுக்கு இது ஒரு வேலையா?"

அடித்தான். மூக்கில் ரத்தம் வந்தது, கால் வரவில்லை. நான்கு சுமைக்காரர்கள் தள்ளினார்கள். லாரி ஜாக்கி வைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், ஜாக்கிதான் வளைந்தது. கறார் கடை விலை மாதிரி நின்றாள். வாசல் குறுகல், அவளைத் தாண்டி உள்ளே போக இடமில்லை. தரகன் வேறு வீடு பார்த்துப் போய்விட்டான். சாயங்காலம் மாஸ்டர் வந்து சட்டத்தை வைத்து அளந்து, ஒரு குறையும் இல்லை என்றார். நிலையைக் கலைப்பது எப்படி என்று கேட்டதற்கு, "அது ரெண்டாம் வருஷப் பாடம்மா. வகுப்புக்கு வந்தாத்தான் சொல்லித் தர முடியும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

புருஷன்காரன் விடவில்லை, தினமும் வந்தான். மேஜையை அவள் முன்னால் நகர்த்திப் போட்டார்கள்; தொழில் நடந்தது. அவன் அடித்து முடிக்கும்வரை வாடிக்கையாளர்கள் துணியோடு ஓரமாகக் காத்திருப்பார்கள். "மெதுவா முடிங்க, அவசரமில்ல," என்றுகூட ஒருவர் சொன்னதுண்டு. சாப்பாடும் தண்ணீரும் அவள் தோளுக்கு மேலாக உள்ளே போயின. உள்ளே மகள் வளர்ந்தாள்.

பதினோராம் வருஷம் அவன் ஈரல் கெட்டுச் செத்தான்.

"அம்மா, இனி யாரும் வரமாட்டாங்க. கொஞ்சம் நகரேன், நான் வெளிய போகணும்."

முயன்றாள். வியர்த்தது, தொடை நடுங்கியது, பாதம் கிளம்பவில்லை. கடைசியில் கொத்தனாருக்குச் சொல்லியனுப்பினாள். அவர் பக்கத்துச் சுவரை இடித்து இன்னொரு வாசல் வைத்தார்.

பதினெட்டு வயதில் மகள் தெருவில் இறங்கினாள். பன்னிரண்டடி நடந்தாள், திரும்பினாள். மறுபடி பன்னிரண்டடி, மறுபடி திரும்பினாள். அவள் வளர்ந்த அறையின் நீளம் அவ்வளவுதான். அம்மாவால் தலையை மட்டும் திருப்பிப் பார்க்க முடிந்தது. தெருவுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அவள் திரும்பும் இடம் பார்த்து சைக்கிள்காரர்கள் ஒதுங்கிப் போகிறார்கள்.