பீச் செடிக்கு ஐஸ்கட்டி

யூனிஸ் டீச்சர் தூக்கி வந்த தொட்டியை நர்சரியில் வேலை பார்க்கும் தாரணி கவிழ்த்துப் பார்த்தாள். பீச் செடியின் வேர் கறுத்து, கொழகொழத்து, சாக்கடையாய் நாறியது.

“டிசம்பர் பூரா ராத்திரி ராத்திரி ஐஸ்கட்டி போட்டேம்மா. குளிர் பட்டாதான் பழம் பிடிக்கும்னு உங்க ஓனர் சொன்னபடிதான்,” என்றார் டீச்சர். எலெக்ட்ரானிக் சிட்டி அப்பார்ட்மென்டிலிருந்து அத்திபெலே நர்சரிவரை சுமந்து வந்திருந்தார்.

முதலாளி ரகுராம் கொஞ்சமும் கூசாமல் சிரித்தார். “ஐஸ் பத்தல மேடம். வேற செடி எடுத்துட்டுப் போங்க, டபுளா போடுங்க. நம்ம தாரணி தோட்டக்கலை படிச்ச பொண்ணு. சொல்லும்மா.”

டீச்சர் புதுச் செடியைக் கையில் எடுத்தேவிட்டார். அதிலும் ‘பரிந்துரை: தாரணி, பி.எஸ்சி.’ என்று அட்டை தொங்கியது. அவள் குடும்பத்தில் முதல் பட்டம், இந்த அழுகலுக்கு முத்திரை.

“வேருக்கு ஐஸ் போட்டா வேர்தான் அழுகும் டீச்சர். குளிர் வேண்டியது கிளையில இருக்கிற மொட்டுக்கு, அதுவும் வாரக்கணக்கா. இது இமாச்சல் ரகம், பெங்களூர் குளிர் பத்தாது. தப்பித் தவறிக் காய்ச்சாலும், நம்ம மார்ச் வெயில்ல காய் பெருசாகறதுக்குள்ள பழுத்துடும். எலுமிச்சங்காய் அளவுதான் தேறும்.”

ரகுராமின் சிரிப்பு போய்விட்டது. “உனக்கு வேலை வேணுமா, வேணாமா?”

தாரணி அந்த அட்டையைப் பிய்த்தெடுத்தாள். “செடிய வித்துக்கோங்க சார். என் பேர வச்சு விக்காதீங்க.”

அவள் கை அடுத்த செடியின் அட்டைக்குப் போனபோது, டீச்சர் தன் கையிலிருந்த செடியைக் கீழே வைத்தார்.