உப்பில் ஊறிய ஈரல்

பழனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் டாக்டர் தேவசேனா பன்றி ஈரலில் ஊசி குத்திக் கரண்டு விடுவாள். ஊசியைச் சுற்றிக் கறி வெந்து வெளுக்கும். குறுக்கே அறுத்து அந்த வெள்ளை வட்டத்தை அளப்பாள். ஈரலில் கட்டி வந்தவர்களுக்கு வயிற்றைக் கிழிக்காமல் கட்டியை மட்டும் சுட்டுப்போட எந்த ஊசி தோது என்று பார்க்கிற சோலி அது. ஒன்று ஒற்றை ஊசி. மற்றது உள்ளே போனதும் குடைக்கம்பியாக விரிகிற ஊசி.

ஈரல் கொண்டுவருகிறவர் வடகவுஞ்சி மலைக்கிராமத்துச் சின்னக்கருப்பன். மலை ரோட்டில் பன்றிக்கறிக் கடை வைத்திருக்கிறார். தங்கை கந்தம்மாளுக்கு ஈரலில் கட்டி என்று கூட்டி வந்தபோதுதான் டாக்டர் அவர் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னாள்: "தண்ணியில போடாதீங்கய்யா. உப்புப் படவே கூடாது. உப்பு இருந்தா கரண்டு தாராளமா ஓடும், வட்டம் பெருசா வெந்துரும். அப்புறம் என் அளவெல்லாம் பொய்."

தலையை ஆட்டினார். நம்பவில்லை. படித்தவர்கள் ஒரு காரணம் சொன்னால் அதற்குப் பின்னால் இன்னொன்றை ஒளித்து வைத்திருப்பார்கள் என்பது அவர் கணக்கு. உப்பில் ஊறினால் எடை ஏறுமே, அதற்குத்தான் பயப்படுகிறாள் என்று முடிவுகட்டினார்.

ஆனாலும் மூன்று வாரம் சொன்னபடிதான் கொண்டுவந்தார். அந்த ஈரலையெல்லாம் குடை ஊசியால் சுட்டாள். நாலாம் வாரம் மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. இறங்கி வருவதற்குள் ஈரல் மங்கிப்போனது.

"என்னய்யா இது, கருத்துக் கெடக்கு? இது ஆகாது" என்று தள்ளிவைத்தாள்.

முப்பது வருஷமாகக் கறி வெட்டுகிறவருக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த வாரத்திலிருந்து, ஓட்டல்காரர்களுக்குச் செய்வதுபோல, ஒரு மணி நேரம் உப்புத்தண்ணீரில் போட்டு, துணியால் ஒற்றி எடுத்து வந்தார். ஈரல் பளபளவென்று இருந்தது. "இதுதான் சரக்கு" என்றாள். அவருக்கும் மனசு குளிர்ந்துபோனது. இப்படி உப்பில் ஊறி வந்த ஈரல் மூன்று வாரம் போனது; அதிலெல்லாம் அவள் குத்தியது ஒற்றை ஊசி.

இன்று கந்தம்மாளுக்குத் தேதி சொல்லும் நாள். அவளை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு.

"இங்க பாருங்கய்யா, ஒத்த ஊசியே குடை ஊசி அளவுக்குச் சுட்டிருக்கு! நான் நெனைக்கவே இல்ல. விலையும் கொறச்சல், இனிமே இதையே வாங்கிரலாம்னு நாளைக்கு எழுதிக் குடுக்கப்போறேன். உங்க தங்கச்சிக்கே இதைத்தான் முதல்ல போடுறோம். வெள்ளிக்கிழமை."

சின்னக்கருப்பன் குனிந்து பார்த்தார். தட்டில் வெளுத்த வட்டங்கள் பெரிசு பெரிசாக வரிசையில் கிடந்தன. உப்பைப் பற்றி அவள் சொன்னது மெய்தான். கந்தம்மாள் வயிற்றுக்குள் உப்புத்தண்ணீர் இல்லை. ஊசி அங்கே இத்தனை தூரம் சுடாது. கட்டியின் ஓரம் வேகாமல் நின்றுவிடும். சொன்னால் டாக்டர் அவளையும் சேர்த்துத் துரத்திவிடுவாளோ என்று ஒரு பயம். சொல்லாமல் போனால்?

"உப்புல போட்டேன்" என்றார்.

"என்னது?"

"போன மூணு வாரமும். உப்புத்தண்ணியில ஊறப்போட்டுத்தான் கொண்டாந்தேன். நீங்க கருத்துக் கெடக்குன்னீங்கல்ல."

அவள் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சொன்னேனேய்யா. அத்தனை தடவை சொன்னேனே."

"சொன்னீங்க. நான் நம்பல."

"எவ்வளவு உப்பு?"

"கை அளவுதான். அளந்தா போட்டேன்?"

அவள் காகிதங்களை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். "ஒத்த ஊசியை முதல்ல இருந்து பார்க்கணும். ஈரல் நான் வேற ஆளுகிட்ட வாங்கிக்கிறேன். எந்த ஊசி வாங்குறதுன்னு முடிவாகாம தங்கச்சிக்குச் செய்ய முடியாது, மூணு வாரம் தள்ளிப்போகும். அதுக்குள்ள கட்டி வளராம இருக்கணும். நீங்களே போய்ச் சொல்லிருங்க."

வராந்தாவில் கந்தம்மாள் பையை மடியில் வைத்திருந்தாள். "தேதி குடுத்தாகளாண்ணே?"

"வெள்ளிக்கெழமைன்னாக. இப்ப மூணு வாரம் கழிச்சு."

"ஏன்?"

"என்னாலதான்." ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

 "அப்ப வெள்ளிக்கெழமை என்னைய அரைகுறையா வேகவச்சு அனுப்பியிருப்பாக."

"ஆமாத்தா."

"கறிக்கடையில எத்தனை பேரை ஏமாத்தினியோ, கடைசியில என் வயித்துக்கே வந்துட்டியேண்ணே."

 அவள் எழுந்தாள். பையை வாங்கக் கை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை. பஸ்ஸில் பொம்பளைகள் பக்கம் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். மலை ஏறும் வரைக்கும் அவர் அவளுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.