தம்பி போட்ட உரம்

என் தம்பி ஹார்முக்கு நல்ல மனசு. ஊரே சொல்லும். அந்த நல்ல மனசைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும் என்று இந்த செப்டம்பரில் எனக்குத் தோன்றியது.

அப்பா விட்டுப்போன நிலத்தில் சாலையோரப் பன்னிரண்டு ஏக்கர் என் பங்கு. அதிலும் ஹார்ம்தான் காலமெல்லாம் மக்காச்சோளம் போட்டு வந்தான். உயிரியல் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஒரு காலத்தில் எங்கள் அயோவா மாநிலம் முழுக்க ஆள் உயரம் நின்ற நீலத்தண்டுப் புல்லை அங்கே மறுபடி வளர்க்கப் போகிறேன் என்றேன். ஹார்ம் சிரித்தான். சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். எனக்கு மூன்று கோடை. மூன்றாவது வருஷம் செப்டம்பர் முதல் வாரத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறையன்று புல் அவன் பெல்ட்டைத் தொட வேண்டும். தொடாவிட்டால் பழையபடி சோளம்.

முதல் கோடையில் புல் விரல் நீளத்துக்கு மஞ்சளாக நின்றது. காரணம் எனக்குத் தெரியும். அது தானாகச் சாப்பிடத் தெரியாத பிள்ளை. மண்ணிலிருக்கும் ஒரு பூஞ்சை வேருக்குள் புகுந்து, நூல் நூலாக வெளியே பரவி, வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸைக் கொண்டுவந்து ஊட்டும். பதிலுக்குப் புல் அதற்குச் சர்க்கரை கொடுக்கும். உழுது உழுது, உரத்தைக் கொட்டிக் கொட்டி, எங்கள் வயலில் அந்தப் பூஞ்சையைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் கலப்பை படாத மண் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கொள்ளுத்தாத்தா ஐலர்ட் படுத்திருக்கும் பழைய கல்லறைத் தோட்டம். ஊரையே உழுது தள்ளிய மனிதர், தான் படுக்கிற இடத்தை மட்டும் விட்டுவைத்தார்! கல்லறைக் குழுவிடம் கெஞ்சி, வேலியோரமாக வாளி வாளியாக மண் எடுத்து, நாற்றுக்கு ஒரு பிடி என்று வேரடியில் வைத்து நட்டேன். முட்டி தேய்ந்ததுதான் மிச்சம் என்று நினைத்தேன். இரண்டாம் கோடையில் புல் முழங்காலுக்கு வந்துவிட்டது. நிம்மதியாகப் பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் மகள் வீட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

மூன்றாம் கோடையில் நரிவால் புல்லும் முள்செடியுமாகக் களைகள் தோள் உயரம் எழும்பின. அடியில் என் புல் மூச்சு முட்டிக் கிடந்தது. பைத்தியம் பிடிக்காத குறை.

குறித்த நாளில் ஹார்ம் வந்தான். வயலைப் பார்த்துவிட்டு என்னைவிட அவன்தான் வாடிப்போனான்.

"இப்படி ஆகும்னு நெனைக்கலக்கா. நீ ஜெயிக்கணும்னுதானே நான்..."

"நீயா? என்னடா பண்ணின?"

தொப்பியைக் கழற்றினான். "நீ மின்னசோட்டா போயிருந்தப்ப டி.ஏ.பி. உரம் போட்டுட்டேன். அக்கா நிலமாச்சேன்னு ரெண்டு மடங்கா. என் சோளத்துக்குக்கூட அவ்வளவு போட்டதில்ல."

இதில் பெருமை வேறு!

"அடப்பாவி! உரம் கொட்டிக் கெடந்தா களைக்குத்தாண்டா கொண்டாட்டம். பாஸ்பரஸ் சும்மா கெடைச்சா என் புல்லு பூஞ்சைக்குச் சோறு போடுறதையே நிறுத்திடும். உபகாரம் பண்ணாட்டியும் உபத்திரவம் பண்ணாம இருக்கக் கூடாதா?"

"குட்டையா நிக்கிற பயிருக்கு உரம் போடுறதுதானேக்கா பழக்கம்."

"வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டியா?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மின்கம்பத்து மூலைக்குப் போனேன். அங்கே நீலத்தண்டு முற்றிச் செம்பு நிறத்துக்கு மாறி அவன் நெஞ்சுக்கு நின்றது. உரம் தூவும் வண்டி திரும்ப முடியாத மூலை அது. ஹார்ம் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை விட்டான்.

"சரிக்கா. இன்னும் மூணு வருஷம் எடுத்துக்க. நான் சோளம் போடல."

அந்தத் தயவுதான் என்னைக் கொதிக்க வைத்தது. "போட்டுத்தாண்டா ஆகணும்! நீ கொட்டின பாஸ்பரஸ் மழையில போயிடுமா? சோளம் போட்டுத்தான் உறிஞ்சி எடுக்கணும். பத்து இருபது வருஷமானாலும் சரி. ஒரு பிடி உரம் போடக் கூடாது."

எந்தச் சோளம் வரக் கூடாதென்று முட்டி தேய நட்டேனோ, அதை என் வாயாலேயே கேட்க வேண்டியதாகிவிட்டது.

ஹார்ம் சாலையைத் திரும்பிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் காரை மெதுவாக ஓட்டி, அடுத்தவன் வயலைப் பார்த்துக் குறை சொல்வதுதான் எங்கள் ஊரில் பொழுதுபோக்கு.

"சாலையோர வயல்க்கா. மஞ்சளா, குட்டையா நின்னா, ஹார்முக்கு விவசாயமே மறந்துபோச்சும்பாங்க."

"சொல்லட்டும். நானே போய்ச் சொல்றேன்."

தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான். "உரமெல்லாம் போனப்புறம் நாத்து, நடவு, வாளி மண்ணு... எல்லாம் நானே பாத்துக்கறேன். இந்தத் தடவ உன்னைக் கேக்காம எதுவும் செய்ய மாட்டேன்க்கா."

எனக்கு எழுபது நெருங்குகிறது. கணக்குப் போட அவனுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

"எங்க வந்துடா கேப்ப?" என்று கல்லறைத் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினேன். "அங்கதான் வரணும்."