மகள் படித்துச் சொன்ன ரிப்போர்ட்

பதினெட்டு வருஷமாக மனநோய்க்கு லித்தியம் மாத்திரை தின்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். எனக்குப் படிக்க வராது. மகள்தான் ரிப்போர்ட்டைப் பார்த்து, “எல்லாம் நல்லா இருக்குப்பா” என்பாள். கடைக்காரன் தராசையே நம்பாத நான் அவள் வாயை நம்பினேன்.

இன்று புது டாக்டர் பழைய தாள்களைப் புரட்டினார்.

“இந்த மாத்திரையால மூணு வருஷமா கிட்னி கெட்டுக்கிட்டே வருது பெரியவரே. மாத்திரையை மாத்தணும்னு அப்பவே எழுதியிருக்காங்க. யாரும் சொல்லலையா?”

மகள் தரையைப் பார்த்தாள்.

“மாத்தினா பழையபடி அரிவாளைத் தூக்கிடுவீங்களோன்னு பயம்ப்பா.”

“அதுக்கு என்னை உள்ளுக்குள்ளயே அறுத்துட்டியேடி!”

அவள் அழுதாள். நான் டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“முதல் தாள்லேருந்து நீங்களே படிங்க சார். இவ வெளியே இருக்கட்டும்.”