என் முறை வந்தபோது

டைபாய்டு வந்து போனதில் என் தொண்டை கம்மிவிட்டது. பாட்டு வகுப்பில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். சரி, பாடாவிட்டால் ஊதுகிறேன் என்று கிளாரினெட் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். காரைக்குடியில் அந்த இசைக் கல்லூரியின் ஊதுகிற வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். ஒக்கூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன்.

சொல்லிக்கொடுத்தவர்கள் இரண்டு பேர். சாக்ஸபோனுக்கும் கிளாரினெட்டுக்கும் சத்தியமூர்த்தி சார். ஆள் உயரத்துக்கு நிற்கும், தந்தியைச் சுண்டித் தாளம் பிடிக்கும் பேஸ் வாத்தியத்துக்குச் செம்மலை சார். ரங்கூன் ஹோட்டல்களில் இருபது வருஷம் ஜாஸ் வாசித்துப் பேர் வாங்கியவர்கள். பர்மாவிலிருந்து நம்மவர்களைத் துரத்தியபோது கப்பலேறி வந்தார்கள். கல்யாண பேண்டுக்கு ஆள் தயார் பண்ணத்தான் கல்லூரி அவர்களை வைத்தது. அவர்கள் எங்களுக்கு ஜாஸ் சொல்லிக்கொடுத்தார்கள். யாரைக் கேட்டு என்றால், யாரையும் கேட்கவில்லை.

ஜாஸில் முறை உண்டு. எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசித்த பிறகு ஆளுக்கு ஒரு சுற்று. அந்தச் சுற்றில் மனதில் தோன்றியதை வாசிக்கலாம், மற்றவர்கள் குறுக்கே வரக்கூடாது.

"கண்மாய்த் தண்ணிக்கு முறை வைக்கிறாகள்ல, அதுதான். முறைக்காரன் வரலைன்னா அடுத்தவன் மடையைத் திருப்பிக்கிறலாமா?" என்பார் செம்மலை சார்.

அறுபத்தாறில் ஆண்டு விழா. சார்களோடு மேடையில் வாசிக்க என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விழாவுக்கு முதல் நாள் கல்லூரிச் செயலாளர் நாச்சியப்பன், நிகழ்ச்சி நிரலில் கல்யாணசுந்தரி என்ற என் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார்.

"குமரிப்பிள்ளை கன்னத்தை உப்பிக்கிட்டு ஊதுறதை நாலு பேரு பார்க்கவா? மீறி ஏறுனா கல்லூரியில இடம் கிடையாது ஆத்தா."

"வகுப்புல இத்தனை நாளா யாரும் பார்க்கலையாய்யா?" என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

வந்த ஆத்திரத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். இரண்டு வருஷம் உதடு வெடிக்க ஊதியது எதற்கு? இந்த மேடையை விட்டால் வேறு எந்த மேடையிலும் என்னை ஏற்ற மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் விழாவில் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்தேன். சார்கள் இருவரும் மெட்டை வாசித்து முடித்தார்கள். சத்தியமூர்த்தி சார் தன் முறையை வாசித்தார். சபை அசந்துதான் போனது. அடுத்த முறை என்னுடையது. அவர் சாக்ஸபோனை இறக்கிவிட்டு, நடுவில் இடம் விட்டு ஒதுங்கி நின்றார். செம்மலை சார் மட்டும் தாளத்தை நிறுத்தவில்லை. ஒரு சுற்று முழுக்க வெறும் தாளம் ஓடியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சபையில் சலசலப்பு. செயலாளர் மேடையோரம் போனார்.

"என்ன சார், வாசிக்காம நிக்கிறீக?"

"முறைக்காரக வரணும்ல" என்றார் சத்தியமூர்த்தி சார்.

"அவ வர மாட்டா."

"அப்பக் காலியாவே ஓடட்டும். எம்புட்டு நேரமானாலும் நிப்போம்."

அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலை போகும் என்று அவர்களுக்கும் தெரியும். நான் எழுந்தேன். செயலாளர் வந்து படியை மறித்து நின்றார். படி எதற்கு? மேடை இடுப்பு உயரம்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

முதல் ஊதலே கீச்சென்று பிசிறடித்தது. ஆண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று ஊதினேன். சுற்று முடிந்ததும் தலையசைத்தால் மெட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். நான் அசைக்கவில்லை. இன்னொரு சுற்று எடுத்துக்கொண்டேன். செம்மலை சார் சிரித்துக்கொண்டே தாளத்தை இறுக்கினார்.

மறுநாள் செயலாளர் எங்கள் மூவரையும் அறையில் நிற்க வைத்தார். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் இருக்கலாம், இல்லையென்றால் கிளம்பலாம் என்றார். சார்கள் இருவரும் முடியாது என்றார்கள்.

"நான் எழுதுறேன்யா" என்றேன். சத்தியமூர்த்தி சாரின் முகம் சுருங்கியது. செயலாளர் தன் பேனாவையே எடுத்துக் கொடுத்தார். எழுதினேன்.

'நேற்று மேடையில் என் முதல் ஸ்வரம் பிசிறடித்தது. அதற்காகச் சபையோரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மேடையில் சரியாக வாசிப்பேன்.'

கையெழுத்துப் போட்டு அவர் மேஜையில் வைத்துவிட்டு, சார்களுக்கு முன்னால் நான் வெளியே நடந்தேன்.