உடையாத கரை

திருநின்றவூரைத் தாண்டிப் போகிற ஓடையின் குறுக்கே கஜபதி மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் நிலம், அவர் மண். கட்டட கான்ட்ராக்டில் மேலே வந்த மனிதர். முதல் மழைக்கே பள்ளம் நிரம்பி, பார்க்க ஒரு சின்ன ஏரி மாதிரி ஆகிவிட்டது. பெடல் படகுகள் வாங்கிப் போட்டார். ஒரு பக்கம் கயிறு கட்டி நீச்சலுக்கு இடம் பிரித்தார். கொட்டகை போட்டு மீன் வறுத்துக் கொடுக்க ஆள் வைத்தார். ஆவடி குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை குட்டிகளோடு வந்து இறங்கின.

கரைக்குக் கீழே, ஓடை முன்பு அகலமாக ஓடிய தாழ்ந்த இடத்தில் காலனி இருந்தது. அங்கே இருந்த பலருக்கு கஜபதியிடம்தான் வேலை. காலனிப் பிள்ளைகள் ஞாயிறு காலையில், கூட்டம் வருவதற்கு முன், காசில்லாமல் நீந்திக்கொள்ளலாம் என்று அவரே சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகவே காலனியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

படகுகளைப் பார்த்துக்கொண்டது தேவா. யாராவது தண்ணீரில் தடுமாறினால் குதித்து இழுத்து வருவதும் அவன்தான். கழுத்தில் விசிலும் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுமாகக் கரைமேல் நடந்து போகும்போது அவன் வேறு ஆள் போலத் தெரிவான். அவன் மனைவி அனுசுயா ரயில் ஏறி அம்பத்தூருக்குப் போய் ஒரு ஆயத்த ஆடை கம்பெனியில் தைத்துவிட்டு வந்தாள். ஒரே மகள் மோகனப்பிரியா. வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிற பெண்.

கரையின் அடிவாரத்தில், காலனிப் பக்கமாக, ஊற்று போல ஓரிடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பெண்கள் அங்கே ஒரு கல்லைப் போட்டுத் துணி துவைத்தார்கள். "கஜபதி சார் புண்ணியத்துல ஊட்டுக்குப் பின்னாலயே தண்ணி கீது," என்பாள் பக்கத்து வீட்டுத் தாயம்மாள்.

ஆயுத பூஜை விடுமுறையில் அனுசுயா மகளின் பள்ளிச் சட்டைகளை அங்கே எடுத்துப் போய் அலசினாள். வெள்ளைச் சட்டை பழுப்பாக வந்தது. மறுபடி அலசினாள்; இன்னும் பழுப்பாக வந்தது. குனிந்து பார்த்தாள். விரல் நுழைகிற அளவுக்கு இருந்த ஊற்றுக்கண், இப்போது கை நுழைகிற அளவுக்குப் பெரிதாகியிருந்தது. அதைச் சுற்றி நைசான மண் எறும்புப் புற்று மாதிரி குவிந்திருந்தது. அந்த மண் கரைக்குள்ளிருந்துதான் வருகிறது என்று புரிந்துகொள்ள அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

தேவாவை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவன் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தான்.

"சார் கைல சொல்றேன்," என்றான்.

சொல்லவும் செய்தான். கஜபதி டிராக்டரில் மண் வரவழைத்து அந்த இடத்தை மூடினார். அதே வாரம் இன்னொன்றும் செய்தார். மிகுந்த தண்ணீர் வழிந்து போவதற்காக ஓரத்தில் விட்டிருந்த கலங்கலில் மணல் மூட்டைகளை அடுக்கினார். தீபாவளிக் கூட்டம் வரும் நேரத்தில் படகுகள் சேற்றில் தட்டக் கூடாது, தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறி நிற்கட்டும் என்பது அவர் கணக்கு.

மூடிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி மண் மறுபடி நனையத் தொடங்கியது.

"இந்தாய்யா, மூட்டையையாச்சும் எடுக்கச் சொல்லேன். மழ வரப் போவுது," என்றாள் அனுசுயா.

"அவரு எடம், அவரு மூட்ட. நான் இன்னா சொல்றது?"

"கீழ இருக்கறது நம்ம ஊடுதான?"

தேவா விசிலை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான். அவள் தாயம்மாளிடம் போனாள். நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேட்கலாம் என்றாள். தாயம்மாளின் மகன் கொட்டகையில் மீன் வறுக்கிறான். "உனுக்கு அம்பத்தூர்ல வேல கீது, பேசுவ," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கும்போது அனுசுயா ஏரி, ஓடைகளைக் கவனிக்கிற அரசு அலுவலகத்துக்குப் போன் செய்தாள். பெயர் கேட்டார்கள். தயங்காமல் சொன்னாள்.

சீக்கிரமே ஒரு பொறியாளர் ஜீப்பில் வந்தார். இளவயதுப் பெண். கரையில் முளைத்திருந்த வேலிக்கருவையையும், நண்டு வளைகளையும், கலங்கலை அடைத்திருந்த மூட்டைகளையும் பார்த்துக்கொண்டே நடந்தார். ஈரமாயிருந்த இடத்தில் நின்று மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு எல்லோர் முன்னாலும் கஜபதியிடம் சொன்னார்: "தண்ணி தெளிவா கசிஞ்சா பயப்பட வேண்டாம். இது மண்ணோட வருது. மூட்டையை இன்னிக்கே எடுத்துடுங்க. தண்ணியைப் பாதிக்குக் கீழ இறக்குங்க. கரையைப் புதுசா கட்டுற வரைக்கும் ஜனங்களை உள்ள விடக் கூடாது."

"சரிங்க மேடம்," என்றார் கஜபதி. ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை. மூட்டைகள் எடுக்கப்பட்டன, மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். பிறகு கஜபதி கேட்டைப் பூட்டிவிட்டு தேவாவைக் கூப்பிட்டார்.

"ஒன் சம்சாரம் தைரியமான பொம்பள தேவா. நல்லா வெச்சிக்கோ," என்றார். கை நீட்டினார். தேவா விசிலையும் ஜாக்கெட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தான்.

அன்று வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அனுசுயாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தேவா சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பிரியாதான் கேட்டாள், "இனிமே தண்ணிக்குப் போவ முடியாதாம்மா?" என்று. கொஞ்ச நாளுக்கு முடியாது என்றாள் அம்மா. அதற்கப்புறம் பிரியா அவளிடம் சரியாகப் பேசவில்லை.

காலனியில் மீன் வறுத்தவர்களுக்கும், டிக்கெட் கிழித்தவர்களுக்கும், கூட்டிப் பெருக்கியவர்களுக்கும் ஒரே நாளில் வேலை போனது. துவைக்கிற தண்ணீரும் வற்றியது. குழாயடியில் அனுசுயா குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகர்ந்தன. தேவாவுக்குப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. பகலெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாளாக ஆக அவன் தோள்கள் தொங்கிப்போயின.

கார்த்திகையில் புயல் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. அனுசுயா துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு மகளோடு மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனாள். போகிற வழியில் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தேவா வீட்டிலேயே இருந்தான்.

கரை உடையவில்லை. குறைந்திருந்த பள்ளம் மழைத்தண்ணீரை வாங்கிக்கொண்டது. மிச்சம் திறந்திருந்த கலங்கல் வழியாக ஒழுங்காக ஓடையில் போனது. மழை விட்டதும் காலனியே கரையைப் பார்க்கக் கிளம்பிப் போனது. புல் பச்சையாக நிமிர்ந்து நின்றது. அனுசுயா மூட்டையோடு திரும்பி வந்தபோது தாயம்மாள் வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னாடி அனுசுயா, எந்தப் பக்கம் ஒடஞ்சிது? எங்களுக்குக் காட்டு, பாக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நெடுநாளைக்கு அந்தக் காலனியில் அதுவே வேடிக்கையாக இருந்தது. ரயிலுக்குப் போகிறவளை நிறுத்தி, "ஒடஞ்சிச்சா?" என்று கேட்பார்கள். சின்னப் பிள்ளைகளும் கேட்டார்கள்.

"தண்ணி கொறச்சதால நின்னுச்சு. மூட்ட அங்கயே இருந்திருந்தா நாம யாரும் இல்ல," என்று அவள் தேவாவிடம் சொன்னாள்.

"இருக்கலாம்," என்றான் தேவா. "ஆனா யாரு பாத்தா?"

கோடை தொடங்கியதும் கஜபதி கேட்டைத் திறந்தார். கரையின் தலையில் செம்மண் கிராவல் போட்டு நிரவியிருந்தார். ஓரமாக வெள்ளையடித்த கற்களை நட்டிருந்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கரையின் உள்மண்ணில் யாரும் கை வைக்கவில்லை. கலங்கலில் மூட்டைகள் திரும்ப ஏறின. அனுசுயா மறுபடி போன் செய்தாள். அந்தப் பொறியாளர் மாற்றலாகிப் போயிருந்தார். "அதான் ஏற்கெனவே பார்த்து நடவடிக்கை எடுத்தாச்சேம்மா. மழைக்கும் ஒண்ணும் ஆகலை இல்ல?" என்றது ஒரு குரல்.

கஜபதியிடமிருந்து தேவாவுக்கு ஆள் வந்தது. வேலை அப்படியே இருக்கிறதாம். ஒரே ஒரு விஷயம்: அவன் மனைவி வந்து, தெரியாமல் புகார் கொடுத்துவிட்டேன் என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"ஒரு வார்த்ததான அனுசு. சொல்லிட்டு வந்துடு."

"தெரிஞ்சிதான் சொன்னேன். தெரியாமன்னு எப்டி சொல்றது?"

"நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். என்னால அந்த நாற்காலில ஒக்கார முடியல. எனுக்குத் தெரிஞ்சது தண்ணி ஒண்ணுதான்."

"சேக்காட்டுல ஊடு பாத்துக்கீறேன். மூணு பேரும் போயிடலாம் வா."

அவன் வரவில்லை. அவள் சொல்லாமலே கஜபதி அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார். மனைவி வீட்டை விட்டுப் போனதே போதும் என்று நினைத்தாரோ என்னவோ. அனுசுயா மகளோடு சேக்காட்டில் ஒற்றை அறையில் குடியேறினாள். மாடி வீடு. சுற்றிலும் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

முதல் ஞாயிறு பிரியா சாப்பிடவில்லை. இரண்டாவது ஞாயிறும் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் தேவா பைக்கில் வந்து கீழே ஹாரன் அடித்தான். மழைக்காலத்தில் அனுப்ப மாட்டேன் என்று மேலிருந்தே சொன்னாள் அனுசுயா. அவன் தலையாட்டினான். மகள் படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது பிரியாவின் தலைமுடியில் பாசி வாசனை அடித்தது. கண்கள் சிவந்திருந்தன. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தாயம்மாள் ஆயா மீன் கொடுத்தது, அப்பா மேலிருந்து குதிக்கக் கற்றுக்கொடுத்தது என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

"உன்னியும் வரச் சொல்லிச்சும்மா அப்பா. ஒரு வார்த்த சொன்னா எல்லாம் சரியாப் பூடுமாம்."

அனுசுயா துண்டை எடுத்தாள்.

"கரை பக்கமா போவாத பிரியா. இந்தாண்டயே வெளாடு."

"அங்கதாம்மா ஆழம் கீது. குதிக்கறதுன்னா அங்கதான் போவணும்."

அனுசுயா மகளை முன்னால் இழுத்து உட்காரவைத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். முடி காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

"வலிக்கிதும்மா," என்றாள் பிரியா.